வாளுக்கு முன் வாளி

சீ ஒஃப் தீவ்ஸ் என்கிற கடற்கொள்ளையர் கேமை விளையாடத் தொடங்கி முதல் மூன்று வாரமும் என்னால் ஒரு எதிரியைக்கூட வெல்ல முடியவில்லை. எலும்புக்கூடுகளைச் சொல்லவில்லை, அவற்றை ஒருமாதிரிச் சமாளித்தேன். மற்றக் கப்பல்களில் வருகிற உண்மையான ஆட்களைச் சொல்கிறேன். எங்கள் கப்பலில் ஏறுவார்கள், நான் வாளை எடுத்து வீசுவேன், திரும்பவும் வீசுவேன், நாலைந்து விநாடியில் திரை இருண்டுவிடும். பிறகு ஃபெரி ஒஃப் த டாம்ன்ட் என்கிற பேய்க்கப்பலில் நிற்பேன். செத்தவர்கள் கதவு திறக்கும்வரை காத்திருக்கும் இடம் அது. கதவு திறந்து திரும்பி வரும்போது கப்பல் பாதி மூழ்கியிருக்கும், அண்ணா தனியாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்.

அண்ணா இருப்பது கனடாவின் ஸ்காபரோவில், நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில். அவரிடம் எக்ஸ்பொக்ஸ், என்னிடம் யூனிட்டி பிளாசாவில் பழைய கிராஃபிக்ஸ் கார்ட் வாங்கிப் போட்டு எழுப்பிய கொம்பியூட்டர். இந்த கேமில் இரண்டும் ஒரே கடலில் சேர்ந்து ஓடும், இப்போது பிளேஸ்டேஷன் 5 வைத்திருப்பவர்களும் வரலாம். ரெயார் என்ற பிரித்தானிய நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. கோடைகாலத்தில் இங்கே ஞாயிறு இரவு 9 மணி என்றால் அங்கே காலை 11:30. அவர் சாப்பிட்டு முடித்து உட்காரும் நேரம், நான் சமைத்த பாத்திரமெல்லாம் கழுவிவிட்டு உட்காரும் நேரம். போனில் கதைத்தால் பத்து நிமிடத்தில் கதை முடிந்துவிடும், ஒரு கப்பலில் இருந்தால் மூன்று மணித்தியாலம் போவது தெரியாது. அதனால்தான் இந்த கேமை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, சண்டையைப் பழகியே தீர வேண்டும் என்றும் நினைத்தேன்.

இதில் என்ன கஷ்டம் என்றால், வேறு கேம்களைப் போல இங்கே லெவல் ஏறினால் பலம் கூடாது. ஐந்து வருடம் விளையாடியவரின் வாளும் இன்றைக்கு வந்தவரின் வாளும் ஒரே அடிதான் அடிக்கும், உயிரும் ஒரே அளவு. சம்பாதிக்கிற தங்கத்தில் சட்டையும் பாயின் நிறமும் கப்பலின் அலங்காரமும் வாங்கலாம், அவ்வளவுதான். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் தோற்றால் சாட்டுச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது, கைதான் பழக வேண்டும்.

முதலில் வாள். சின்ன வயதில் ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடும்போது மதிலில் சுண்ணக்கட்டியால் ஸ்டம்ப் கீறிவிட்டு அண்ணா பந்து போடுவார், நான் எல்லாப் பந்துக்கும் மட்டையைத் தூக்குவேன். வெளியே போகிற பந்தைக் கண்டால் பின்னாலிருந்தே "விடு, விடு" என்று கத்துவார். இருபது வருடம் கழித்து ஹெட்செட்டில் அதே குரல், அதே சொல். எதிரி ஓடி வருகிறான், என் விரல் மவுஸ் பட்டனை அமத்துகிறது, அவர் "விடு தங்கச்சி" என்கிறார். எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவே இரண்டு ஞாயிறு போனது.

இந்த கேமில் வாள் வீச்சு மூன்றாகச் சேர்ந்து வரும். மூன்றும் அடுத்தடுத்துப் பட்டால் மூன்றாவது வெட்டு எதிரியைப் பின்னால் தள்ளிவிடும். மூன்றும் பட்டாலும் முழு உயிரோடு இருக்கிறவன் சாகமாட்டான் என்பதைக் கவனியுங்கள். தள்ளப்பட்டவன் ஓடிப்போய் ஒரு பழத்தைத் தின்றுவிட்டு வருவான். பட்டனை அமத்திப் பிடித்து விட்டால் இன்னொரு அடி இருக்கிறது, முன்னால் பாய்ந்து குத்துவது. பட்டால் பெரிய அடி. படாவிட்டால் பாய்ந்து முடிந்த இடத்தில் ஒரு கணம் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்போம். நான் செத்த தடவைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கணத்தில்தான். பயத்தில் பாய்வேன், அவன் ஒரு எட்டு பக்கவாட்டில் வைப்பான், அவ்வளவு.

பிறகு அதையே திருப்பிப் போட்டேன். எதிரி வாளை ஓங்கிப் பிடிப்பது கண்ணுக்குத் தெரியும், அப்போது நான் அடிப்பதில்லை, தடுப்பு பட்டனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தடுத்தபடியே ஒரு பக்கம் நகர்ந்து ஜம்ப் பட்டனை அமத்தினால் சட்டென்று அந்தப் பக்கம் துள்ளலாம், இதைப் பலர் மாதக்கணக்கில் தெரியாமலே விளையாடுகிறார்கள். அவன் என்னைத் தாண்டிப் பாய்ந்து போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், அப்போது மூன்று வெட்டு, மூன்றாவதில் அவன் தள்ளிப்போகும்போது வாளைப் போட்டுவிட்டுக் கைத்துப்பாக்கி. வெட்டு மூன்றும் சூடு ஒன்றும் சேர்ந்தால் கதை முடிந்தது. வடிவாகச் செய்ய எனக்கு ஒரு மாதம் பிடித்தது. ஒன்றை மறக்கக் கூடாது: வாளால் தடுப்பது முன்னாலிருந்து வரும் வாளை மட்டும்தான் தடுக்கும். துவக்குக் குண்டு அதைப் பார்த்து நிற்காது.

இதையெல்லாம் எங்கே பழகுவது? 2023 டிசம்பரில் சேஃபர் சீஸ் என்று ஒரு தனிக்கடலைச் சேர்த்தார்கள். அங்கே உங்கள் ஆட்களைத் தவிர வேறு மனிதர் வரமாட்டார்கள், எலும்புக்கூடுகளும் கடல் பிராணிகளும் மட்டும்தான். சிலர் அதை இளக்காரமாகக் கதைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, வேலை விட்டு வந்து அரை மணித்தியாலம் கிடைக்கிற ஆளுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தீவில் இறங்கி, பத்து எலும்புக்கூடு வரும்வரை நின்று, ஒன்றைக்கூடச் சுடாமல் வாளால் தடுத்துத் துள்ளி வெட்டுவது மட்டும் என்று ஒரு வாரம் செய்தேன். எலும்புக்கூடுகளிலும் வகை இருக்கிறது. செடி கொடி முளைத்தவற்றுக்கு வாள்தான் சரி, துவக்கு அவ்வளவு எடுபடாது. நிழல் போல இருப்பவற்றுக்கு லாந்தர் வெளிச்சம் காட்டாமல் எந்த அடியும் ஏறாது, பகல் வெளிச்சத்தில் தானாகவே உருவம் பெறும். தங்கத்தாலானவை வாளுக்கு மசியா, ஆனால் ஒரு வாளித் தண்ணீரை மேலே ஊற்றினால் துருப்பிடித்து மெல்ல நடக்கத் தொடங்கும், பிறகு தூர நின்று சுட வேண்டியதுதான்.

அந்தத் தங்க எலும்புக்கூட்டிடம்தான் வாளியை நான் முதன்முதலாக மதித்தேன். அதுவரை அது கப்பலுக்குள் தண்ணீர் வந்தால் எடுக்கிற சாமான் என்று மட்டும் நினைத்திருந்தேன்.

துவக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எத்தனை வகை இருந்தாலும் ஒரு நேரத்தில் இரண்டு ஆயுதம்தான் கையில் வைத்திருக்கலாம். வாள், கைத்துப்பாக்கி, குண்டைச் சிதறச் சுடும் பிளண்டர்பஸ், தூரக்கண்ணாடி வைத்த ஐ ஒஃப் ரீச் என்கிற துவக்கு, பின்னால் வந்த இரட்டைக்குழல் துப்பாக்கி, எறிகத்தி எல்லாம் இருக்கின்றன. தொடங்குகிற ஆள் வாளோடு ஏதாவது ஒரு துவக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், இரண்டு துவக்கு வைத்து விளையாடுவது கை நிதானப்பட்டவர்களுக்கு. கைத்துப்பாக்கி, பிளண்டர்பஸ், ஐ ஒஃப் ரீச் மூன்றிலும் ஐந்தைந்து குண்டுதான், தீர்ந்தால் கப்பலில் இருக்கிற வெடிமருந்துப் பெட்டிக்கு ஓட வேண்டும். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும், தேவையோ இல்லையோ, அந்தப் பெட்டியை ஒருதரம் தொட்டுவிட்டு வருகிற பழக்கத்தை அண்ணா எனக்குத் திட்டித் திட்டி உண்டாக்கினார். பிளண்டர்பஸ் என்றால் மிகக் கிட்ட, மூச்சுப் படுகிற தூரத்தில், முழுச் சிதறலும் பட்டால் ஒரே சூட்டில் ஆள் காலி. இரண்டு எட்டுத் தள்ளி நின்றால் சும்மா சத்தம்தான். குண்டு நிரப்பும்போது பாதியில் ஆயுதத்தை மாற்றினால் நிரப்பியது கணக்கில் வராது, முதலில் இருந்து. பதற்றத்தில் இதை நான் எத்தனை தடவை செய்தேன் என்று தெரியாது.

சாப்பாடு. இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் பாதித் தடவை செத்திருக்கமாட்டேன். வாழைப்பழம் கொஞ்சம், தேங்காய் அதைவிடக் கூட, மாம்பழம் அதற்கு மேல், அன்னாசி இரண்டு கடி, ஒரு கடியே போதும் போல உயிர் ஏறும். சமைத்த இறைச்சியும் மீனும் நல்லது. உயிர் நிறைந்த பிறகும் சாப்பிட்டால் அடியில் பச்சைக் கோடு ஒன்று சேரும், அடி விழுந்தபின் அது தானாக உயிரை ஏற்றிக்கொண்டே இருக்கும். எனவே சாப்பிட வேண்டிய நேரம் சண்டைக்கு முன். அடி விழுந்து குற்றுயிராக நிற்கும்போது பழத்தைத் தேடிப் பையைத் திறந்தால், திறந்த கையோடு செத்துப்போவோம். தூரத்தில் பாய் ஒன்று தெரிந்தால் போதும், அண்ணா கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா?" இங்கே அம்மா பின்னால் நடந்து போகும்போது அது ஸ்பீக்கரில் கேட்டு, "ஓம், புட்டும் சம்பலும்" என்று அவரே பதில் சொன்ன நாட்களும் உண்டு. பச்சை இறைச்சியைத் தின்றால் வாந்தி வரும். அந்த வாந்தியையும் வாளியில் பிடித்து எதிரியின் முகத்தில் ஊற்றலாம், அவனுக்குக் கண் தெரியாது. அருவருப்பாக இருக்கும், ஆனால் ஒரு தடவை எங்களை அதுதான் காப்பாற்றியது.

இப்போது ஏணி. கப்பலின் இரண்டு பக்கமும் ஏணி தொங்கும், எதிரிகள் நீந்தி வந்தோ தங்களையே பீரங்கியில் போட்டுச் சுட்டோ அதைப் பிடித்து ஏறுவார்கள். தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும், ஏணியைப் பிடிக்கிற சத்தமும் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்தால் பாதிச் சண்டை உங்கள் பக்கம், ஏனென்றால் ஏணியில் தொங்குகிறவன் திருப்பி அடிக்க முடியாது. மேலே பிளண்டர்பஸ்ஸோடு நின்று, தலை தெரிந்த பிறகு சுட வேண்டும். தெரிவதற்கு முன் சுட்டுவிட்டால் அவன் நீங்கள் குண்டு நிரப்புகிற நேரத்தில் ஏறிவிடுவான். கெட்டிக்காரர்கள் ஏணியைப் பிடித்துவிட்டு விட்டுவிட்டு உங்களைச் சுட வைப்பார்கள், இங்கேயும் அண்ணாவின் அந்த "விடு"தான்.

எனக்கு இதில் ஒரு தனிக் கரைச்சல் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே கரையோர ரயில் பாதை. ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடியே அதிரும், அதோடு தலைக்கு மேலே மின்விசிறி. ஸ்பீக்கரில் விளையாடிய காலத்தில் ஏணிச் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. யாரோ திடீரென்று முளைத்து வந்து வெட்டுவது போல இருக்கும். காதை முழுதாக மூடுகிற ஒரு ஹெட்செட் வாங்கிப் போட்ட அன்றைக்குத்தான் அந்தக் கேமுக்குள் இவ்வளவு சத்தம் இருக்கிறதா என்று தெரிந்தது. பலகை கிறீச்சிடுவதும் கீழ்த்தளத்தில் தண்ணீர் தளம்புவதும் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் காசு சேர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ஹெட்செட். கடற்காற்று அடிக்கிற வீடு என்றால் கொம்பியூட்டரை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள், உப்பு தின்றுவிடும். என் முதல் கேஸின் ஆணிகள் எல்லாம் துருப்பிடித்துக் கழற்ற முடியாமல் போனது.

நல்லது, கப்பலுக்கு வருவோம். இவ்வளவு நேரம் சொன்னது கைச்சண்டை. உண்மையில் இந்த கேமில் தோற்பது கைச்சண்டையில் அல்ல. நீங்கள் செத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பி வரலாம், கப்பல் செத்தால் ஏற்றி வைத்த பெட்டி எல்லாம் கடலோடு போய்விடும். நாங்கள் விளையாடுவது ஸ்லூப்பில், இரண்டு பேருக்கான சின்னக் கப்பல், ஒரு பாய்மரம், பக்கத்துக்கு ஒரு பீரங்கி. மூன்று பேரின் பிரிகன்டைனும் நாலு பேரின் கலியனும் வந்தால் எதிரில் பீரங்கி கூட, எங்களுக்குத் திரும்புகிற வேகம் கூட.

ஒரு நாள் ஒரு ஸ்லூப்போடு சண்டை. நான் பீரங்கியில் நின்று நாலு குண்டு சரியாகப் போட்டுவிட்டேன், கைகால் எல்லாம் நடுங்குகிறது சந்தோஷத்தில், அந்தக் கப்பல் சரியத் தொடங்கிவிட்டது, இன்னொன்று, இன்னொன்று என்று போட்டுக்கொண்டே இருக்கிறேன். அண்ணா சுக்கானில். "கீழே பார்" என்கிறார். எனக்குக் காதில் ஏறவில்லை. திரும்பிப் பார்க்கும்போது தண்ணீர் படியேறி மேல்தளத்துக்கு வந்துவிட்டது. அவர்களின் கப்பல் மிதந்தது, எங்களுடையது மூழ்கியது, அவர்களை விட இரண்டு மடங்கு குண்டு நாங்கள் போட்டிருந்தும். அவர்களில் ஒருவன் மட்டும் சுட்டான், மற்றவன் ஒரு நிமிடமும் வாளியை விடவில்லை. புதுக் கப்பலில் எழும்பியபோது அண்ணா கோபப்படவில்லை. "வாளுக்கு முன் வாளி, சரியா?" என்றார். அதைத் தாளில் எழுதி மொனிட்டரின் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்.

அதன்பின் நாங்கள் வைத்த ஒழுங்கு இது. குண்டு பட்ட சத்தம் கேட்டதும் பீரங்கியில் நிற்கிறவர் அடுத்த குண்டைப் போட்டுவிட்டுக் கீழே ஓடிப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்து ஓட்டைதான் அவசரம், மேல்தளத்தில் விழுந்த ஓட்டையால் தண்ணீர் அந்த உயரத்துக்கு வரும்வரை ஆபத்தில்லை, அதில் பலகையை வீணாக்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்ப அடி விழுந்தால் ஓட்டை பெரிதாகும், பெரிய ஓட்டையை முதலில் அடைக்க வேண்டும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் வந்துவிட்டால் முதலில் வாளி, பிறகு பலகை, ஏனென்றால் பலகை அடிக்கிற விநாடிகளில் தண்ணீர் நிற்பதில்லை. வாளித் தண்ணீரைக் கப்பலுக்கு வெளியே ஊற்ற வேண்டும், பதற்றத்தில் உள்ளேயே ஊற்றுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். தீக்குண்டு விழுந்து கப்பல் எரிந்தாலும் அதே வாளிதான். இதையெல்லாம் செய்யும்போது சுக்கானில் இருப்பவர் எதிரியின் பீரங்கி நேரே பார்க்காத கோணத்துக்குக் கப்பலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதற்காகவே நாங்கள் தமிழில் சத்தமாகக் கதைப்போம். பக்கத்துக் கப்பலில் இருப்பவர்களுக்கு நாங்கள் கதைப்பது கேட்கலாம், "இடப்பக்கம் பெரிய ஓட்டை" என்பது விளங்காது.

பீரங்கி சுடுவது இதற்கெல்லாம் பிறகு வந்த ஞானம். குண்டு நேராகப் போகாது, வளைந்து விழும். முதல் குண்டு அளவு பார்க்கத்தான், அது தண்ணீரில் எங்கே தெறிக்கிறது என்று பார்த்து மேலேயோ கீழேயோ திருத்த வேண்டும். ஓடுகிற கப்பலின் உடம்பைப் பார்த்துச் சுட்டால் குண்டு போய்ச் சேரும்போது அது அங்கே இருக்காது. காலி வீதியைக் கடக்கும்போது பஸ் இப்போது நிற்கிற இடத்தையா பார்க்கிறோம், நாம் கால் வைக்கும்போது அது எங்கே வரும் என்றுதானே பார்க்கிறோம், அந்தக் கணக்குத்தான். குண்டு பாயில் படுவது அழகாக இருக்கும், பயன் இல்லை. தண்ணீர் மட்டத்தை ஒட்டிப் பட வேண்டும், அவர்களை வாளி தூக்க வைக்க வேண்டும். வாளி தூக்குகிறவன் சுடமாட்டான். சங்கிலிக் குண்டு கிடைத்தால் பாய்மரத்துக்கு. பாய்மரம் விழுந்த கப்பல் ஓட முடியாது.

இங்கிருந்து விளையாடுகிறவர்களுக்கு இன்னொன்று. சில இரவுகளில் இணைப்பு தாமதமாகி, என் திரையில் பட்ட வெட்டு உண்மையில் படாமல் போகும். அதோடு சண்டை பிடித்துப் பயனில்லை. அப்படியான இரவில் நான் வாளைக் கையில் எடுப்பதே குறைவு, சுக்கானையும் வாளியையும் எடுத்துக்கொண்டு பீரங்கியை அண்ணாவிடம் கொடுத்துவிடுவேன். தண்ணீர் இறைப்பதற்கு அரை விநாடி தாமதம் ஒரு பொருட்டில்லை.

ஓரளவு கை வந்தபிறகு மணற்கடிகாரச் சண்டைக்குப் போனோம். 2022 நவம்பரில் வந்தது அது. கப்பலில் இருக்கிற மணற்கடிகாரத்துக்கு வாக்குப் போட்டால் கப்பல் தண்ணீருக்குள் மூழ்கிப் போய், அதே அளவு ஆட்களுள்ள இன்னொரு கப்பலின் பக்கத்தில் எழும்பும். எதிரியைத் தேடி ஒரு மணித்தியாலம் அலையத் தேவையில்லை, தோற்றாலும் உடனே அடுத்தது. பழகுவதற்கு இதைவிட வேகமான வழி நான் காணவில்லை. முதல் பதினொரு சண்டையும் தோற்றோம். ஒவ்வொன்றுக்கும் பிறகு அண்ணா ஒரே கேள்வி கேட்பார், "எதில் விட்டோம்?" சாப்பிடாமல் போனது, ஏணியைப் பார்க்காதது, பலகை எடுக்காதது என்று ஒன்றே ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், அடுத்த சண்டையில் அதை மட்டும் திருத்த வேண்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் திருத்தப் போனால் ஒன்றும் நிற்காது என்பது அவர் கணக்கு, என் விடயத்தில் சரியாகத்தான் இருந்தது.

பன்னிரண்டாவதில் என் பக்க ஏணியில் சத்தம். வீட்டுக்கு வெளியே ரயில் போய்க்கொண்டிருந்தது, ஆனாலும் கேட்டது. பீரங்கியை விட்டுவிட்டு வந்து நின்றேன். தலை தெரியவில்லை, சுடவில்லை. கையை விட்டுத் திரும்பப் பிடித்தான், சுடவில்லை. மூன்றாவது முறை தொப்பி தெரிந்தது, சுட்டேன். ஓர் ஆள் குறைந்த அந்த நேரத்தில் அவர்கள் கப்பலில் வாளி தூக்க ஆள் இல்லை. நான் மூன்று குண்டு தண்ணீர் மட்டத்தில் போட்டேன், பிறகு கீழே ஓடிப்போய் எங்கள் தண்ணீரை இறைத்தேன். இறைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே அண்ணா கத்துகிறார், அங்கே மரியாதையான ஒரு ஞாயிறு மத்தியானத்தில், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் என்ன நினைப்பார்களோ தெரியாது. அவர்களின் கப்பல் தாழ்வதை நான் பார்க்கவில்லை. கீழ்த்தளத்தில் நின்றுகொண்டிருந்தேன், கையில் வாளியோடு.